உளிக்குள் மிச்சமிருக்கும் சூடு

கல் உளி மழுங்கிப் போனால் கொல்லுப் பட்டறைக்குத்தான் வர வேண்டும். கொல்லர் அதைக் கரி உலையில் பழுக்கக் காய்ச்சி, அடித்துக் கூர் எடுக்கிறார். அப்புறம் இன்னொரு சூடு. பழுத்த உளியை அவர் முழுசாகத் தண்ணீரில் போடுவதில்லை. முனையை மட்டும் இரண்டு விரற்கடைக்கு முக்கி எடுக்கிறார். முனை கறுத்துவிட்டது, மேலே தண்டு இன்னும் சிவப்பாகவே இருக்கிறது. சாணைக்கல் துண்டால் முனையைப் பரபரவென்று தேய்த்து வெள்ளையாக்கிவிட்டு, அதையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். தண்டுப் பக்கத்திலிருந்து நிறங்கள் இறங்கி வருகின்றன: முன்னால் வைக்கோல் மஞ்சள், அதன் பின்னால் பழுப்பு, கத்தரிப்பூ நிறம், கடைசியில் நீலம். வேண்டிய நிறம் கூர்முனையைத் தொட்டதும் உளி முழுவதும் தண்ணீருக்குள் போகிறது.

இதுதான் தோய்ச்சல். பழுத்த இரும்பைத் தண்ணீரில் முக்குவதோடு வேலை முடிந்தது என்றுதான் பலரும் நினைக்கிறோம். உண்மையில் அது பாதி வேலை. மறுபாதியைச் செய்வது தண்டில் மிச்சமிருக்கும் சூடு.

முதல் பாதியைப் பார்ப்போம். எஃகு என்பது கொஞ்சம் கார்பன் கலந்த இரும்பு. சாதாரண வெப்பத்தில் இரும்பு அணுக்கள் அடுக்கியிருக்கும் விதத்தில் கார்பனுக்கு இடம் மிகக் குறைவு, அதிகபட்சம் 0.02 சதவீதம்தான் கரையும். 727 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது அந்த அடுக்கு மாறத் தொடங்குகிறது. புதிய அடுக்கில் 2 சதவீதம் வரைகூட கார்பன் கரையும். மெல்ல ஆறவிட்டால் கார்பன் நிதானமாக வெளியேறி, இரும்புக் கார்பைடு ஏடுகளாக ஒதுங்கிக்கொள்ளும், எஃகு மிருதுவாகிவிடும். சட்டென்று குளிர்வித்தால் கார்பனுக்கு நகர நேரம் கிடைக்காது. அணுக்கள் பழைய அடுக்குக்குத் திரும்பப் பார்க்கின்றன, நடுவில் கார்பன் சிக்கியிருக்கிறது. அடுக்கு ஒரு திசையில் இழுபட்டு, நெளிந்து, அப்படியே இறுகிவிடுகிறது. இந்த அமைப்புக்கு ஜெர்மானிய உலோகவியலாளர் அடால்ஃப் மார்ட்டன்ஸின் பெயரால் மார்ட்டன்சைட் என்று பெயர். அரம் வைத்தால் வழுக்கும், அவ்வளவு கடினம்.

இதற்குக் கார்பன் போதுமான அளவு இருக்க வேண்டும். 0.2 சதவீதத்துக்கும் கீழே கார்பன் உள்ள இரும்பை எத்தனை முறை முக்கினாலும் நல்ல அரிவாள் ஆகாது. பழைய லாரி ஸ்பிரிங் பட்டையை அரிவாளுக்குத் தேடிப் பிடிப்பது இதனால்தான். அதில் கார்பன் சுமார் 0.6 சதவீதம் இருக்கும்.

ஆனால் வெறும் மார்ட்டன்சைட்டை நம்பிக் கல்லில் அடிக்க முடியாது. முனை தெறித்துவிடும். அங்கேதான் மிச்சச் சூடு உதவிக்கு வருகிறது. தண்டிலிருந்து இறங்கும் வெப்பம் முனையை மறுபடி 200 முதல் 300 டிகிரிக்குள் கொண்டுபோகும்போது, சிக்கிய கார்பனில் ஒரு பகுதி நுண்ணிய கார்பைடு துணுக்குகளாக வெளியே வருகிறது. இறுக்கம் தளர்கிறது. கடினம் கொஞ்சம் குறைந்து, அடி தாங்கும் உறுதி கூடுகிறது.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது அந்த நிறங்கள்தான். சூடான பரப்பில் காற்று பட்டு மெல்லிய ஆக்சைடு படலம் வளர்கிறது. மழைத்தண்ணீரில் சிந்திய பெட்ரோல் வண்ணம் காட்டுவது போலவே இந்தப் படலமும் தன் தடிமனுக்கு ஏற்ற நிறம் காட்டுகிறது. வைக்கோல் மஞ்சள் என்றால் ஏறத்தாழ 220 டிகிரி, நீலம் என்றால் சுமார் 300. தேய்த்து வெள்ளையாக்கினால்தான் இது கண்ணுக்குத் தெரியும். தெர்மாமீட்டர் இல்லாத பட்டறையில் இதைவிட நல்ல அளவுகோல் கிடையாது.

இதே தந்திரம் நம் வீட்டுத் தூண்களுக்குள்ளும் இருக்கிறது. டிஎம்டி கம்பி உருட்டாலையிலிருந்து 1000 டிகிரியை ஒட்டிய சூட்டில் வெளியே வரும்போது, அதன்மேல் தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கிறார்கள். வெளித்தோல் மட்டும் மார்ட்டன்சைட் ஆகிறது, உள்ளே இன்னும் தணல். தண்ணீரைத் தாண்டியதும் உள்சூடு வெளியே பரவி, அந்தத் தோலை 600 டிகிரி அளவுக்குச் சூடேற்றிப் பதப்படுத்துகிறது. நடுப்பகுதி மெல்ல ஆறி மிருதுவாகவே நிற்கிறது. பெல்ஜியத்தின் லீஜ் நகரில் 1970களில் உருவான டெம்ப்கோர் முறை இது. கம்பியில் கார்பன் 0.3 சதவீதத்தைத் தாண்டாது என்பதால் அரிவாள் அளவுக் கடினம் வராது, கட்டடத்துக்கு அது வேண்டவும் வேண்டாம். கம்பி மேல் எஃப்இ 500 என்றிருந்தால், சதுர மில்லிமீட்டருக்கு 500 நியூட்டன் இழுவிசை வரை நிரந்தரமாக நீளாமல் தாங்கும் என்று பொருள். அதன் குறுக்கு வெட்டை மெருகேற்றி அமிலம் தடவினால், வெளியே கரிய வளையமும் உள்ளே வெளிர் வட்டமும் பளிச்சென்று பிரிந்து தெரியும்.

வீடு கட்டுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தடித்த கம்பி எளிதில் வளைய வேண்டும் என்று சிலர் கேஸ் வைத்துச் சிவக்கக் காய்ச்சுகிறார்கள். அது காற்றில் மெல்ல ஆறும்போது வெளி வளையம் தன் பதத்தை இழந்துவிடும். கம்பியின் மேல் எஃப்இ 500 என்ற எழுத்து அப்படியே இருக்கும், ஆனால் அந்த இடத்தில் அவ்வளவு பலம் இருக்காது. டிஎம்டி கம்பியைச் சூடு காட்டாமல், உரிய வளைப்புக் கருவியில் போட்டுத்தான் வளைக்க வேண்டும்.