காய்ச்சல் போன பிறகு கன்னம் மரத்தால்

2021 மே, ஜூன் மாதங்களில் எங்கள் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு வந்த பலரும் சொன்னது கிட்டத்தட்ட ஒன்றுதான்: "கொரோனா சரியாப் போச்சு டாக்டர், இந்தப் பக்கக் கன்னம் மட்டும் மரத்த மாதிரி இருக்கு." எண்டோஸ்கோப் என்கிற கேமராக் குழாயை விட்டுப் பார்த்தால் மூக்கின் ஒரு பக்கத்தில் கறுத்துக் காய்ந்த பொருக்கு. லேசாகச் சுரண்டினாலும் ரத்தம் கசியாது, வலியும் இருக்காது. அந்த இடம் செத்துவிட்டது என்று பொருள்.

கருப்புப் பூஞ்சை என்று பெயர் வந்தது இந்தக் கறுப்பால்தான், பூஞ்சை கறுப்பில்லை. மியூகார் வகைப் பூஞ்சைகள் ரத்தக் குழாய்க்குள் புகுந்து அடைத்துவிடும். ரத்தம் போகாத இடம் அழுகும். அங்கே ஆம்போடெரிசின் என்ற பூஞ்சைக்கொல்லி மருந்தும் போய்ச் சேராது. அதனால் ஊசி மட்டும் போதாமல் செத்த பகுதியை வெட்டி எடுத்தோம். சிலருக்கு மேல்தாடை, சிலருக்குக் கண்.

இது ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஒட்டாது. மண்ணிலும் அழுகும் பழத்திலும் இருக்கிற இதன் வித்துகளை நாம் எல்லோரும் சுவாசித்துக்கொண்டுதான் இருக்கிறோம். ஆக்சிஜன் சிலிண்டர், அழுக்கு மாஸ்க் என்று எதையெதையோ காரணம் சொன்னார்கள். என்னைக் கேட்டால் முதல் காரணம் கட்டுக்கடங்காத சர்க்கரை, அடுத்தது, எதிர்ப்புச் சக்தியை அடக்கிச் சர்க்கரையையும் ஏற்றிவிடும் ஸ்டீராய்டு மருந்து. சர்க்கரை எகிறினால் வெள்ளணுக்கள் மந்தமாகும். கீட்டோன் என்கிற அமிலக் கழிவு ஏறி ரத்தம் அமிலமானால் பூஞ்சைக்குப் பிடித்த இரும்புச்சத்தும் தாராளமாகக் கிடைக்கும். ஸ்டீராய்டைக் குறை சொல்லவில்லை. 2020இல் பிரிட்டனில் நடந்த ரெக்கவரி ஆய்வில், தினம் 6 மில்லிகிராம் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு, அதிகபட்சம் 10 நாள், ஆக்சிஜன் தேவைப்பட்ட கொரோனா நோயாளிகளிடம் இறப்பைக் குறைத்தது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு அதனால் பலன் இல்லை. இங்கே பலர் அதைக் காய்ச்சல் கண்ட இரண்டாம் நாளே வீட்டில் விழுங்கினார்கள்.

கொரோனாவோடு முடிந்த கதையும் இல்லை. ஃப்ளூ முற்றி ஐசியூவில் சேர்ந்தவர்களை நெதர்லாந்து, பெல்ஜியம் மருத்துவர்கள் ஆராய்ந்தபோது, ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு நுரையீரலில் ஆஸ்பர்ஜில்லஸ் என்ற வேறொரு பூஞ்சை இருந்தது. அதற்குக் கொடுக்கும் வோரிகோனசோல் மியூகாரிடம் பலிக்காது. எது என்று தெரியாமல் மருந்து தொடங்குவது ஆபத்து. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் மியூகார் அகலமான ரிப்பன் மாதிரி, ஆஸ்பர்ஜில்லஸ் மெல்லியதாக, கணுக்களோடு தெரியும்.

இன்றும் மெடிக்கல் ஷாப்பில் "காய்ச்சலுக்கு ஒரு செட் குடுங்க" என்று கேட்கிறோமே, அந்த உதிரி மாத்திரைகளில் ஒன்று ஸ்டீராய்டாக இருக்கலாம். வாங்காதீர்கள். டாக்டரே ஸ்டீராய்டு எழுதியிருந்தால் அது முடியும்வரை சர்க்கரையைத் தினமும் பாருங்கள், இதுவரை சர்க்கரை இல்லாதவர்களும்தான். ஏற்கெனவே நெடுநாளாகச் சாப்பிடுபவர்கள் இதைப் படித்துவிட்டுத் திடீரென்று நிறுத்தவும் கூடாது.

ஒரு பக்கம் மட்டும் முகவலி, மரத்துப்போதல், மேல்வரிசைப் பல் ஆடுவது, இமை வீக்கம், இரட்டையாகத் தெரிவது, மூக்கில் கறுப்பாக வடிவது: இதில் எது வந்தாலும் அன்றைக்கே வாருங்கள். சாப்பிட்ட மாத்திரைகளின் அட்டையையும் கையோடு எடுத்து வாருங்கள். அட்டை இல்லாத செட் மாத்திரை என்றால் மிச்சமிருப்பதை அந்தக் கவரோடு கொண்டுவந்தாலும் போதும்.