பல்கோணி, பன்முகி: பக்கம் எண்ணிப் பெயர் வைப்பது

நேர்கோடுகளால் அடைபட்ட தட்டை உருவத்துக்கு ஆங்கிலத்தில் பாலிகன் என்று பெயர். அது கிரேக்கத்திலிருந்து வந்தது. பாலி என்றால் பல, கோனியா என்றால் மூலை. தட்டை முகங்களால் ஆன திண்ம உருவம் பாலிஹீட்ரன். அதிலுள்ள ஹெட்ரா என்பதற்கு இருக்கை என்று பொருள். உருவத்தை எந்தத் தட்டையான பகுதியின் மேல் உட்கார வைக்கலாமோ அது ஹெட்ரா. தமிழில் அதை முகம் என்கிறோம்.

பாலிகனுக்குத் தமிழ்நாட்டுப் பாடநூலில் பலகோணம், இலங்கைப் பாடநூலில் பல்கோணி. இலங்கை வழக்கே தெளிவு. ‘முக்கோணத்தின் கோணம்’ என்றால் உருவத்துக்கும் அளவுக்கும் ஒரே சொல்; ‘முக்கோணியின் கோணம்’ என்றால் அந்தத் தொல்லை இல்லை. பாலிஹீட்ரனுக்கான தமிழ்ச் சொல்லில் பல், முகியோடு சேர்ந்து பன்முகி ஆகிறது. அந்தக் கணக்கில் பல்கோணி பற்கோணி ஆக வேண்டும். நல்லவேளை, பல்கலை போல மாறாமல் நின்றுவிட்டது.

எண் குறுகித்தான் முன்னால் வரும்: முக்கோணி, ஐங்கோணி, அறுகோணி, எழுகோணி, எண்கோணி. ஆறுகோணம், எட்டுகோணம் என்பவை காதில் ஒட்டாது. நான்குக்கு மட்டும் நாற்கரம், நாற்பக்கல் எனப் பக்கத்தை வைத்துப் பெயர். ஒன்பதுக்குக் குறுகிய வடிவம் இல்லாததால் வடமொழியின் நவகோணம் புகுந்தது. ஆங்கிலத்திலும் அதே கதை: நானகன் லத்தீன் தலையும் கிரேக்க வாலும் கொண்டது. ஒன்பதுகோணி என்றே எழுதலாம். பன்னிருகோணியைத் தாண்டினால் இலக்கமே மேல். அளவுகோலும் கவராயமும் மட்டும் கொண்டு வரையலாம் என 1796இல் கணித அறிஞர் கவுஸ் கண்டறிந்த உருவம், ஒழுங்கு 17-கோணி (ஒழுங்கு என்றால் எல்லாப் பக்கமும் எல்லாக் கோணமும் சமம்).

திண்மங்களில்தான் அதிகம் தடுக்கும். இரு முனையும் சீவாத அறுகோணப் பென்சிலை அறுமுகி என்று எழுதிவிடுகிறார்கள். பக்கவாட்டில் 6, நுனிகளில் 2, ஆக 8 முகம், அது எண்முகி. ஆனால் எட்டுச் சமபக்க முக்கோணிகள் சேர்ந்த ஒழுங்கு எண்முகியும் எண்முகிதான். அதற்கு உச்சி 6, விளிம்பு 12. பென்சிலுக்கு உச்சி 12, விளிம்பு 18. அதனால் பென்சிலை அறுகோணப் பட்டகம் என்பதே சரி. முகக் கணக்கு மட்டும் போதாது.

எண்ணியது சரியா என்று பார்க்க, குழிவில்லாத பன்முகியில் உச்சியையும் முகத்தையும் கூட்டி விளிம்பைக் கழித்தால் 2 வர வேண்டும். வராவிட்டால் முதலில் விளிம்பைச் சந்தேகியுங்கள். ஒழுங்கு பன்னிருமுகியில் 12 ஐங்கோணிகள்; 12 × 5 = 60 என்று நிறுத்திவிடுவார்கள். ஒவ்வொரு விளிம்பும் இரண்டு முகங்களுக்குப் பொது. எனவே விளிம்பு 30, உச்சி 20.