'நீரியல் விரிசல்' வேண்டாம், 'பாறைப் பிளப்பு' போதும்

அமெரிக்காவிலோ இங்கிலாந்திலோ எரிவாயுக் கிணறு பற்றிச் சண்டை எழுந்தால் போதும், மறுநாள் தமிழில் 'நீரியல் விரிசல்' வந்துவிடுகிறது. காவிரிப் படுகையில் மீத்தேன் எதிர்ப்புப் போராட்டம் நடந்த ஆண்டுகளில் துண்டறிக்கை, மேடைப் பேச்சு, நாளிதழ் என்று எல்லா இடத்திலும் இதுதான். பூமிக்கடியில் பாறையைப் பிளந்து எரிவாயு எடுக்கும் ஃபிராக்கிங் என்ற முறைக்கு இணையாம். படிப்பவருக்கு இதிலிருந்து என்ன விளங்கும்? வறண்ட ஏரியின் தரை வெடித்துக் கிடப்பதுதான் கண்ணில் வரும்.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். முழுப்பெயர் ஹைட்ராலிக் ஃபிராக்சரிங். ஹைடோர் என்றால் கிரேக்கத்தில் தண்ணீர், ஆலோஸ் என்றால் குழல். ஃபிராக்சர், உடைத்தலைக் குறிக்கும் லத்தீன் வினையிலிருந்து வந்தது. எண்ணெய் வயல்காரர்கள் சுருக்கி 'ஃபிராக்' என்றார்கள். அது செய்தித்தாளுக்கு வந்து ஃபிராக்கிங் ஆனது.

செயல் இதுதான். ஒன்றிரண்டு கிலோமீட்டரோ அதற்கும் மேலோ ஆழத்தில் இருக்கும் களிப்பாறையில் (ஷேல்) எரிவாயு இறுகிக் கிடக்கிறது. கிணறு நேராக இறங்கி, பாறை அடுக்கை எட்டியதும் படுக்கைவாக்கில் திரும்புகிறது. இரும்புக் குழாய் இறக்கி, சுற்றிலும் சிமெண்ட் நிரப்பி, குழாயில் சிறு வெடிகளால் துளை போடுகிறார்கள். அப்புறம் தண்ணீர், மணல், கொஞ்சம் ரசாயனம் சேர்ந்த கலவையைப் பேரழுத்தத்தில் செலுத்துகிறார்கள். பாறை பிளக்கிறது. பிளவு மறுபடி மூடிக்கொள்ளாமல் மணல் தாங்கிப் பிடிக்க, வாயு வெளியே வருகிறது.

இனி அந்தத் தமிழாக்கத்துக்கு வருவோம். 'இயல்' என்று முடிந்தால் தமிழில் அது ஒரு துறை. உயிரியல், புவியியல், இயற்பியல். நீரியலும் அப்படித்தான்: மழை, ஆறு, நிலத்தடி நீர் ஆகியவற்றைப் பற்றிய படிப்பு. ஒரு படிப்பு எப்படிப் பாறையில் விரிசல் விடும்? ஹைட்ராலிக் என்றால் இங்கே திரவ அழுத்தத்தால் இயங்குவது என்று பொருள். அந்தத் திரவம் தண்ணீராகவே இருக்க வேண்டும் என்பதில்லை. ஜேசிபி வண்டியின் கையைத் தூக்குவது எண்ணெய். இந்த முறையை முதன்முதலாக 1947-இல் கான்சஸ் மாநிலத்தின் ஹியூகோட்டன் வயலில் சோதித்தபோது உள்ளே செலுத்தியதும் தண்ணீர் அல்ல, நேபாம் சேர்த்துக் கெட்டியாக்கிய பெட்ரோல். நைட்ரஜன் நுரையாலும் பிளப்பதுண்டு. அங்கெல்லாம் 'நீரியல்' என்ன செய்யும்?

'நீர்' இருந்தால்தானே மக்களுக்கு ஆபத்து புரியும் என்று சிலர் வாதாடுகிறார்கள். தண்ணீர் பற்றிய கவலை நியாயமானது. ஒரு கிணற்றுக்குக் கோடிக்கணக்கான லிட்டர் தேவைப்படலாம், திரும்பி வரும் கழிவுநீரை எங்கே கொட்டுவது என்பதும் பெரும் சிக்கல். அதையெல்லாம் கட்டுரையில் விரிவாக எழுதுங்கள். எச்சரிக்கையைப் பெயருக்குள் அடைத்தால் எச்சரிக்கையும் தெளிவாகாது, பெயரும் கெடும்.

இதைவிடப் பெரிய தவறு 'விரிசல்'. சுவரில் விரிசல் விடும், உறவில் விரிசல் விழும். தானாக நேர்வது அது, செய்தவன் கிடையாது. 'முறிவு' என்று எழுதுபவர்களுக்கும் இதே பதில்தான். எலும்பு முறிவு என்றால் எலும்புக்கு நேர்ந்தது. முறித்தவன் இருந்தால் முறிப்பு. தமிழுக்குத் தன்வினை, பிறவினை என்று இவ்வளவு துல்லியமான வேறுபாடு இருக்கும்போது அதைக் கைவிடுவது எனக்குப் பொறுக்கவில்லை. நிறுவனம் உரிமம் வாங்கி, இயந்திரம் வைத்து, திட்டமிட்டுச் செய்யும் வேலைக்கு இயற்கை நிகழ்வின் பெயரைச் சூட்டினால் யார் செய்தார்கள் என்ற கேள்வியே மறைந்துபோகிறது.

டெக்சஸில் டென்டன் என்றொரு ஊர். இந்தத் தொழில் பெருகக் காரணமான பார்னெட் களிப்பாறை அதன் அடியில்தான் இருக்கிறது. வீடுகளுக்குப் பக்கத்திலேயே கிணறுகள் வந்ததால் சத்தம், புகை என்று மக்கள் கொதித்தார்கள். எதிர்த் தரப்பு வேலை போகும், வரி வருமானம் போகும், கனிம உரிமையாளருக்கு வரும் தொகை போகும் என்றது. மேல்மண் ஒருவருக்கும் கீழே உள்ள கனிமம் வேறொருவருக்கும் சொந்தமாக இருப்பது அங்கே சகஜம் என்பதால், தொல்லை ஒரு வீட்டுக்கும் பணம் இன்னொரு வீட்டுக்கும் போகலாம். 2014 நவம்பரில் வாக்கெடுப்பு நடத்தி, ஏறக்குறைய 59 சதவீத ஆதரவுடன் தடை கொண்டுவந்தார்கள். 2015 மே மாதத்தில் மாநில அரசு சட்டம் போட்டு ஊர்களுக்கு அந்த அதிகாரம் இல்லை என்றாக்கியது. கவனிக்க வேண்டியது, டென்டன் தடை செய்தது பிளப்பதை மட்டும்தான், துளையிடுவதை அல்ல. பாறையைப் பிளக்காமல் வெறுமனே துளையிட்டு என்ன பயன் என்பது நிறுவனங்களின் வாதம். ஆக, வாதமே அந்த வேறுபாட்டைச் சுற்றியது. 'எரிவாயு எடுக்கத் தடை' என்று தமிழில் எழுதினால் அது அடிபட்டுப்போகும்.

நிலநடுக்கச் செய்திகளிலும் இதே குழப்பம். இங்கிலாந்தின் லங்காஷயரில் 2011-இல் பிளாக்பூல் அருகே 2.3 அளவில் தரை அதிர்ந்ததற்குப் பாறையைப் பிளந்ததே காரணம். ஒக்லஹோமாவில் அடிக்கடி அதிர்ந்ததற்கோ பெரும்பாலும் எண்ணெய், எரிவாயுக் கிணறுகளின் கழிவுநீரை ஆழத்தில் செலுத்தியதுதான் காரணம். இரண்டையும் ஒரே சொல்லில் போட்டுக் குழைப்பது மொழிபெயர்ப்பாளரின் சோம்பல்.

நம் ஊரிலும் நிலக்கரிப் படுகை மீத்தேன், களிப்பாறை எரிவாயு, ஹைட்ரோகார்பன் எல்லாவற்றையும் ஒன்றாக்கித்தான் எழுதுகிறார்கள். நிலக்கரிப் படுகையில் முதல் வேலையே உள்ளிருக்கும் நீரை இறைப்பது. டெல்டா விவசாயி அஞ்சியது முதலில் அதற்குத்தான். தமிழகத்தில் 2020-ஆம் ஆண்டு வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டமே இவற்றைத் தனித்தனியாகப் பெயர் சொல்கிறது. செய்தி எழுதுபவருக்கு மட்டும் ஏன் பிரித்துச் சொல்ல வரவில்லை?

என் பரிந்துரை 'பாறைப் பிளப்பு'. முழுமையாகச் சொல்ல வேண்டிய இடத்தில் 'திரவ அழுத்தப் பாறைப் பிளப்பு'. பிளப்பு என்றாலே பிளக்கிறவர் உண்டு. விறகு பிளக்கத் தெரிந்த எவருக்கும் விளக்கம் வேண்டாம். வினையாகவும் எளிதில் வளையும்: பாறையைப் பிளந்தார்கள், பிளக்க அனுமதி கேட்டார்கள், பிளந்த கிணறு. 'நீரியல் விரிசல் செய்த கிணறு' என்று ஒருமுறை உரக்கச் சொல்லிப் பாருங்கள், நாக்கே மறுக்கும். கல்குவாரியோடு குழம்பும் என்று நினைத்தால் முதல்முறை மட்டும் ஃபிராக்கிங் என்பதையும் சேர்த்து எழுதிவிட்டு, அடுத்த வரியிலிருந்து பாறைப் பிளப்பு என்றே தொடரலாம்.