வேர் வரும்வரை தாங்கும் பசை

தைப்பூசத்தன்று பினாங்குத் தெருவோரங்களில் உடைக்கக் குவிந்திருக்கும் தேங்காய்களைப் பார்க்கும்போதெல்லாம், உரித்த மட்டைகள் எங்கே போயின என்றுதான் என் மனம் தேடும். என் வீட்டு மிளகாய் நாற்றுகள் வளர்வது மண்ணில் அல்ல, மட்டைத் தூளில்.

இந்தத் தூள் தன் எடையைப்போல் ஏழெட்டு மடங்கு நீரைப் பிடித்துவைக்கும். நீரே நிறைந்துவிட்டால் வேருக்கு மூச்சு முட்டும். அதனால் கருக்கிய நெல்லுமியைக் கலக்கிறேன். சிலிக்கா மிகுந்த உமி சீக்கிரம் மட்காது. இடையிடையே காற்றுக்கு இடம் விட்டு நிற்கும்.

புதுத் தூளை முதலில் அலச வேண்டும். தேநீர் நிறத்தில் சாயமும் உப்பும் இறங்கும். ஆனால் தூளின் பரப்பில் மின்னூட்டத்தால் பற்றியிருக்கும் சோடியமும் பொட்டாசியமும் வெறும் நீருக்கு எளிதில் அசையாது. கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஊறவைத்தால், இரட்டை மின்னூட்டம் கொண்ட கால்சியம் அவற்றைத் தள்ளிவிட்டு அந்த இடங்களில் அமர்ந்துகொள்ளும். இதைச் செய்யாமல் விட்டால், செடிக்குப் போட்ட கால்சியத்தைத் தூளே பிடித்துக்கொள்ளும்.

இனி, இந்தக் கலவையை நாற்று நடும் கட்டியாகப் பிடித்துவைக்கும் பசை. மரவள்ளி மாவைக் குளிர்நீரில் கரைத்தால் அடியில் படியும். சூடு 65 டிகிரி செல்சியஸை ஒட்டி வரும்போது மாவுமணிகள் நீரைக் குடித்து உப்பி உடையும். வெள்ளைக் கலங்கல் தெளிந்து, கரண்டியோடு இழுபடும். வெளிவந்த நீண்ட மூலக்கூறுகள் தூளையும் நாரையும் சுற்றிப் பின்னி, காயும்போது இறுகும். அச்சில் அழுத்தி வெயிலில் வைத்தால் நாற்றுக்கட்டி தயார்.

முதல் தடவை கூழைத் தாராளமாக ஊற்றினேன். கட்டி உறுதியாக நின்றது. நாற்றுதான் பத்து நாளில் மஞ்சளித்தது. மாவு நுண்ணுயிர்களுக்கு விருந்து. அவை பெருகத் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், வேண்டும். மாவிலோ அது இல்லை. நாற்றுக்கு உரியதை எடுத்துக்கொண்டன. இப்போது துகள்கள் ஒட்டும் அளவுக்கு மட்டுமே கூழ் சேர்க்கிறேன், தழைச்சத்தும் கொஞ்சம் கூட்டிக் கொடுக்கிறேன்.

நீண்டநாள் தாங்க வேண்டுமானால் ரப்பர்ப்பால் இருக்கிறது. தோட்டத்தில் பால்வெட்டுக்குப் போன நம் பாட்டிகளின் கைகளில் காய்ந்து உரிந்த அதே பால்தான், தொங்குதொட்டிகளுக்கான தேங்காய்நார் விரிப்பையும் பிணைக்கிறது. நாற்றுக்கு அத்தனை உறுதி தேவையில்லை. மாவு கரைந்துபோவதைக் குறை என்பார்கள். எனக்கு அதுதான் அதன் சிறப்பு.

மூன்றாவது வாரம் ஒரு கட்டியைக் கையில் எடுத்தேன். பசை விட்டிருந்தது. ஆனாலும் ஒரு துகள்கூட உதிரவில்லை. நான்கு பக்கமும் வெள்ளை வேர்கள் வலைபோல் பின்னியிருந்தன.