மூச்சு முட்டும் சர்வர்: எதைப் பிரிப்பது, எதைச் சேர்த்தே வைப்பது?

கணக்குப் பிரிவில் ஒருவர் பெரிய அறிக்கை ஒன்றை ஓடவிடுகிறார். அடுத்த நிமிடமே மொத்த அலுவலகத்துக்கும் மெயில் திறக்கவில்லை, பொதுக் கோப்புறையில் ஒரு ஃபைலைச் சேமித்தால் திரை அப்படியே நிற்கிறது. சர்வரில் போய்ப் பார்த்தால் பிராசசர் இருபது சதவீதம்கூட உழைக்கவில்லை. மெயில், ஃபைல், டேட்டாபேஸ், லாகின், பிரிண்ட், பேக்கப் என்று எல்லாமே ஒரே பெட்டிக்குள் வளர்ந்துவிட்ட இடங்களில் இது அடிக்கடி நடக்கும். பிராசசர் சும்மா இருக்கும்போது எல்லோரும் எதற்காகக் காத்திருக்கிறார்கள்?

பெரும்பாலும் டிஸ்க்குக்காக. நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் ஹார்டு டிஸ்க் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிவினாடி. வேண்டிய தகவல், அதை வாசிக்கும் தலைக்குக் கீழே வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது 4 மில்லிவினாடிக்குக் கொஞ்சம் மேல். அதற்கு முன் தலை சரியான தடத்துக்கு நகர இன்னொரு 8 மில்லிவினாடி. ஆக, ஒரு துண்டைத் தேடி எடுக்க 12 மில்லிவினாடி. வினாடிக்குச் சுமார் 80 துண்டுகள், அவ்வளவுதான். வரிசையாக வாசிக்கவிட்டால் இதே டிஸ்க் வினாடிக்கு 150 மெகாபைட் வரை கொடுக்கும். ஆனால் பேக்கப் ஒரு மூலையிலும் டேட்டாபேஸ் இன்னொரு மூலையிலும் மாறி மாறிக் கேட்டால், தலை அங்குமிங்கும் ஓடியே நேரம் கழிகிறது. 4 கிலோபைட் துண்டுகளாக 80 எடுத்தால் வினாடிக்கு வெறும் 320 கிலோபைட். தனித்தனியே ஓடினால் இரண்டும் நன்றாக ஓடும். சேர்ந்து ஓடினால் இரண்டும் படுத்துவிடும். லினக்ஸில் டாப் கட்டளை காட்டும் ‘டபிள்யூஏ’ எண் ஏறியிருந்தால், பிராசசர் டிஸ்க்கைப் பார்த்துக் காத்திருக்கிறது என்று பொருள்.

சுழலும் தட்டுக்குப் பதில் சிப்பில் தகவலை வைக்கும் எஸ்எஸ்டியில் நகரும் தலை கிடையாது, வினாடிக்குப் பல்லாயிரம் துண்டுகளை எடுத்துத் தரும். அதைப் போட்டதும் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும் அலுவலகங்கள் நிறைய உண்டு. புது இயந்திரங்களுக்குப் பணம் ஒதுக்கும் முன் இதை யோசிப்பது நல்லது. மீதி நெரிசல் மெமரியில் இருக்கும். அடிக்கடி கேட்கப்படும் தகவலை ஆபரேட்டிங் சிஸ்டம் ரேமில் பிடித்து வைத்திருக்கும். இரவு பேக்கப் ஓடும்போது ஒவ்வொரு ஃபைலையும் ஒரே ஒரு முறை வாசிக்கிறது. அப்படி வந்தவை ரேமை நிரப்பி, டேட்டாபேஸ் நாள் முழுக்கப் பயன்படுத்தும் பக்கங்களை வெளியே தள்ளிவிடலாம். காலையில் முதல் ஒரு மணி நேரம் எல்லாம் மந்தமாக இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

சரி, எவ்வளவு வேலையை நகர்த்த வேண்டும்? இதற்கான கணக்கு கம்ப்யூட்டருக்கு முந்தியது. கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் வேலை பார்த்த அக்னர் எர்லாங், அழைப்புகள் எப்படி வந்து குவிகின்றன என்பதைப் பற்றி 1909-இல் எழுதிய கட்டுரையிலிருந்து வரிசைக் கோட்பாடு என்ற துறையே வளர்ந்தது. அதன் எளிய சூத்திரம் ஒன்று: கோரிக்கைகள் தாறுமாறான இடைவெளியில் வரும்போது, ஒரு வேலை முடிய ஆகும் மொத்த நேரம், காத்திருப்பே இல்லாதபோது ஆகும் நேரத்தை மிச்சமிருக்கும் திறனின் பங்கால் (பாதி மிச்சம் என்றால் 0.5) வகுத்தால் கிடைக்கும். 10 மில்லிவினாடி வேலை, டிஸ்க் பாதி நேரம் உழைக்கும்போது 20 ஆகும். 80 சதவீதத்தில் 50. 90-இல் 100. 95-இல் 200.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், இதைத் திருப்பியும் வாசிக்கலாம் என்பது. 95-இல் திணறும் டிஸ்க்கிலிருந்து வெறும் 15 சதவீதப் புள்ளி சுமையை இறக்கினால் மொத்த நேரம் நாலில் ஒரு பங்காகிவிடுகிறது. எல்லாவற்றையும் பிய்த்துப் போட வேண்டியதில்லை. சரியான ஒன்றை நகர்த்தினாலே போதும். அதே சமயம், ஒரே டிஸ்க்கின் மேல் நாலு வெர்ச்சுவல் மெஷின் (மென்பொருளால் உருவாக்கும் தனித்தனிக் கணினிகள்) போட்டுப் ‘பிரித்துவிட்டோம்’ என்றால் காத்திருப்பு குறையாது. வரிசை அந்த டிஸ்க்கின் வாசலில்தானே நிற்கிறது.

ஆகவே ஒன்றோடொன்று மோதுபவற்றைத்தான் பிரிக்க வேண்டும். டேட்டாபேஸுக்குத் தனி இயந்திரம், தனி டிஸ்க், தாராளமான ரேம். என் பார்வையில் முதல் வேலை இதுதான். ஃபைல்கள் இன்னொன்றுக்கு. மெயில், அலுவலகத்தின் அளவைப் பொறுத்து. லாகினும், பெயரைக் கேட்டு முகவரி சொல்லும் டிஎன்எஸ்ஸும் சுமையே இல்லாத வேலைகள், ஒரே பெட்டியில் இருக்கலாம். ஆனால் அவை நின்றால் எல்லாமே நிற்கும் என்பதால் இரண்டு இயந்திரங்களில் ஒவ்வொரு நகல் வேண்டும்.

அதிகம் பேசிக்கொள்பவற்றை மட்டும் யோசித்துத்தான் பிரிக்க வேண்டும். ஒரே இயந்திரத்துக்குள் ஒரு சின்னக் கேள்வி போய்ப் பதில் வர 0.03 மில்லிவினாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். நெட்வொர்க் வழியாக அது 0.3 ஆகலாம். ஒவ்வொரு வரிக்கும் தனித்தனியாக 20,000 கேள்வி கேட்கும் மோசமான நிரல், முன்பு இதில் கழித்தது 0.6 வினாடி, இப்போது 6 வினாடி. புதிய, வேகமான இயந்திரத்துக்கு மாறிய பிறகு ‘முன்னைவிட மோசம்’ என்று புகார் வந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

அப்புறம் நகர்த்தும் வேலை. பயனாளிகளின் கணினிகள் சர்வரைப் பெயரால்தான் தேடுகின்றன. அந்தப் பெயருக்குரிய ஐபி முகவரியை டிஎன்எஸ் சொல்கிறது, கேட்டவர் அதைக் குறிப்பிட்ட காலம் நினைவில் வைத்துக்கொள்கிறார். அந்தக் காலம் 86,400 வினாடி, அதாவது ஒரு நாள் என்று இருந்தால், மாற்றத்துக்கு ஒரு நாளாவது முன்பே அதை 300 ஆகக் குறைத்துவிட வேண்டும். அப்போது முகவரியை மாற்றிய ஐந்து நிமிடத்தில் பெரும்பாலானோர் புது இயந்திரத்துக்கு வந்துவிடுவார்கள்.

ஃபைல்களுக்கு ஆர்சிங்க் இருக்கிறது. ஆண்ட்ரூ டிரிட்ஜெலும் பால் மெக்கராஸும் 1996-இல் வெளியிட்ட இந்த நிரல், மாறியவற்றை மட்டும் அனுப்பும். ஆட்கள் வேலை செய்துகொண்டிருக்கும்போதே முதல் நகலை எடுக்கலாம், எத்தனை மணி நேரம் ஆனாலும் பரவாயில்லை. பிறகு இரவில் பொதுக் கோப்புறையை நிறுத்திவிட்டு இன்னொரு முறை ஓடவிட்டால், இடையில் மாறியவை மட்டும் சீக்கிரம் வந்து சேரும். மெயில் இன்னும் பொறுமையானது. பெறும் சர்வர் கிடைக்கவில்லை என்றால் அனுப்பும் சர்வர் கடிதத்தை வைத்துக்கொண்டு மறுபடி மறுபடி முயலும். நாலைந்து நாளாவது முயல வேண்டும் என்பது, மெயில் அனுப்பும் முறையான எஸ்எம்டிபியின் விதி. இரண்டு மணி நேரம் மூடி வைத்தால் எதுவும் தொலையாது.

டேட்டாபேஸில்தான் உண்மையான கவனம் தேவை. புது இயந்திரத்தில் ஒரு பிரதியை நிறுவி, பழையதில் நடக்கும் ஒவ்வொரு மாற்றமும் தொடர்ந்து அங்கே வந்து சேரும்படி செய்ய வேண்டும். இரண்டும் சமமானதும் பழையதில் எழுதுவதை நிறுத்தி, கடைசி மாற்றமும் வந்துவிட்டதா என்று பார்த்து, புதியதைத் திறக்க வேண்டும். ஒரு நிமிடம்கூட இரண்டும் சேர்ந்து எழுத்தை ஏற்கக் கூடாது. ஒரு ரசீது அங்கே, ஒன்று இங்கே என்று விழுந்துவிட்டால், பிறகு இரண்டையும் இணைப்பது பெரும்பாலும் மனிதர்கள் உட்கார்ந்து செய்யும் வேலையாகிவிடும்.

பிரித்த பிறகு புதுவகைக் கோளாறுகளும் வரும். ஒரு வேலைக்கு நாலு இயந்திரமும் தேவை, ஒவ்வொன்றும் 99 சதவீத நேரம் இயங்குகிறது என்றால், நாலும் சேர்ந்து இயங்கும் நேரம் 96 சதவீதம்தான். கடிகாரங்களும் ஒத்துப்போக வேண்டும். கெர்பரோஸ் முறையில் லாகின் செய்யும் இடங்களில் ஐந்து நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் சரியான கடவுச்சொல்லும் வழக்கமாக ஏற்கப்படாது.

பழைய இயந்திரத்தை உடனே அணைக்காமல், அதன் பதிவுகளில் இன்னும் யார் வந்து கேட்கிறார்கள் என்று பாருங்கள். ஸ்கேன் செய்ததை அனுப்பும் காப்பியர், எப்போதோ எழுதிய ஒரு ஸ்கிரிப்ட், பெயருக்குப் பதில் ஐபி முகவரியையே நேரடியாகப் போட்டுவைத்த ஏதோ ஒரு கணினி என்று சில வரும். மாதத்துக்கு ஒரு முறை மட்டும் ஓடும் வேலைகளும் இருக்கும் என்பதால் ஒரு மாதமாவது அதை ஓடவிட்டு, அகப்பட்ட ஒவ்வொன்றிலும் ஐபி முகவரி இருந்த இடத்தில் பெயரைப் போட்டுவிட்டு, அப்புறம் அணைக்கலாம்.