கட்டணமில்லா வனமுகாம்: கொலராடோ மலைகளில் பணியாற்றும் ஒரு மருத்துவரின் குறிப்புகள்

அமெரிக்க வனத்துறையின் பொறுப்பில் 154 தேசிய வனங்களும், புல்வெளிகளையும் சேர்த்தால் ஏறத்தாழ 19 கோடியே 30 லட்சம் ஏக்கர் நிலமும் இருக்கின்றன. இவற்றின் பெரும்பகுதியில் முன்பதிவும் கட்டணமும் இல்லாமல் எவரும் கூடாரம் அடித்துத் தங்கலாம். வனத்துறையினர் இதை ‘டிஸ்பர்ஸ்டு கேம்பிங்’ என்கிறார்கள். கொலராடோவில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பல, கோடை விடுமுறையில் கட்டண முகாம்களில் இடம் கிடைக்காதபோது இந்த வழியைத் தேர்ந்தெடுக்கின்றன. ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோரையும் கைக்குழந்தைகளையும் அழைத்துச் செல்பவர்களும் உண்டு. மலை நகரம் ஒன்றின் மருத்துவமனையில் அவசர சிகிச்சைப் பிரிவில் பணியாற்றுவதால், அந்தப் பயணங்களில் சில எப்படி முடிகின்றன என்பதை ஒவ்வொரு கோடையிலும் காண்கிறேன். அவர்களில் பெரும்பாலோர் கவனமான மனிதர்கள். எதற்கு ஆயத்தமாக வேண்டும் என்பதை மட்டும் யாரும் அவர்களுக்குச் சொல்லியிருக்கவில்லை.

கட்டண முகாமில் நாம் கொடுக்கும் பணம் கழிப்பறைக்கும் குழாய்த் தண்ணீருக்கும் குப்பைத் தொட்டிக்கும் மட்டும் போவதில்லை. வெள்ளம் வராத மேடு எது என்று பார்த்து இடம் ஒதுக்கியது, தலைக்கு மேல் பட்டுப்போய் நின்ற மரங்களை வெட்டி அகற்றியது, நெருப்புக்கு இரும்பு வளையம் பதித்தது, இரவில் ஆபத்து என்றால் ஓடிப்போய்ச் சொல்ல ஒரு பொறுப்பாளரை வைத்தது ஆகிய அனைத்தும் அதில் அடக்கம். கட்டணம் இல்லாத காட்டில் இந்த வேலைகள் ஒன்றுவிடாமல் நம் தலையில் விழுகின்றன. புறப்படுவதற்கு முன் இதை உணர்ந்தவர்கள் என் நோயாளிகளாக வருவது அரிது.

முதலில் எங்கே தங்கலாம் என்பது. நடைபயணப் பாதை தொடங்கும் டிரெயில்ஹெட் வாகன நிறுத்தங்களில் படுத்து உறங்குவதற்குப் பல இடங்களில் தடை உண்டு. மலைக்குள் நடந்து சென்று தங்குபவர்களின் வாகனம் இரவு நிற்பதற்கு அனுமதி இருந்தாலும், அதே இடத்தில் நாம் காருக்குள் உறங்க அனுமதி இருப்பதாக ஆகிவிடாது. தேசிய வனமும் தேசியப் பூங்காவும் வெவ்வேறு நிர்வாகங்கள் என்பதையும் பலர் அறிவதில்லை. ராக்கி மவுண்டன் தேசியப் பூங்காவில் கட்டண முகாம்களைத் தவிர வேறெங்கு இரவு தங்கவும் அனுமதிச்சீட்டு வேண்டும். அதன் எல்லையைத் தாண்டி வனத்துக்குள் நுழைந்தால் விதிகளே மாறிவிடும். அந்தந்த வனத்துக்கான வாகனப் பயன்பாட்டு வரைபடத்தை வனத்துறை இலவசமாகத் தருகிறது. எந்த மண்சாலையில் வாகனம் போகலாம், எதன் ஓரத்தில் முகாமிடலாம் என்பது அதில் குறிக்கப்பட்டிருக்கும். பெரும்பாலான இடங்களில் 14 நாள்கள்தான் உச்சவரம்பு. கிரெஸ்டட் பியூட் நகரைச் சுற்றியுள்ள பள்ளத்தாக்குகளில் கூட்டமும் மனிதக் கழிவும் பெருகிப்போனதால், 2021 முதல் எண்ணிட்டுக் குறித்த இடங்களில் மட்டுமே தங்கலாம் என்று விதித்துவிட்டார்கள். ஆகவே, சில ஆண்டுகளுக்கு முன் நண்பர் போய்வந்த இடம் என்பதை நம்பிக் கிளம்பாமல், புறப்படும் வாரத்தில் அந்தப் பகுதியின் ரேஞ்சர் அலுவலகத்தைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டுவிடுவது நல்லது.

இனி என் துறைக்கு வருகிறேன். இந்த மலைகளில் மனிதரை அதிகம் கொல்வது கரடிதான் என்று அஞ்சிக்கொண்டு வருபவர்கள், கூடாரத்துக்குள் தாங்களே கொண்டுபோகும் கரி அடுப்பை அஞ்சுவதில்லை. லெட்வில் நகரம் கடல் மட்டத்திலிருந்து 10,152 அடி உயரத்தில் இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள காடுகளில் ஜூலை மாதத்திலும் சில இரவுகள் உறைநிலையைத் தொடும். சமைத்து முடித்த கரி அடுப்பில் கனல் மட்டுமே மிச்சமிருக்கிறது, புகையும் இல்லை, குழந்தைக்குக் குளிருமே என்று அதைக் கூடாரத்துக்குள் வைத்து ஜிப்பை இழுத்து மூடுகிறார்கள். புகையில்லாத கனலும் கார்பன் மோனாக்சைடை வெளியிட்டுக்கொண்டேதான் இருக்கிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக அது ஒட்டிக்கொள்வதால், உறக்கத்திலேயே நினைவு தப்பி, எழாமலே போனவர்கள் உண்டு. எரிவாயு ஹீட்டருக்கும் எஞ்சினை ஓடவிட்டபடி காருக்குள் உறங்குவதற்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

உயரமான இடத்தில் இது மேலும் சிக்கலாகிறது. இதை மருத்துவர் அல்லாதோர் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். 8,000 அடிக்கு மேல் உறங்கும் பலருக்கு முதல் இரவில் தலைவலி, குமட்டல், சோர்வு, தூக்கமின்மை வரும். அது உயரத்தால் வரும் மலைநோய். கார்பன் மோனாக்சைடு நஞ்சின் தொடக்கமும் தலைவலி, குமட்டல், சோர்வுதான். எனவே, ‘உயரம் ஒத்துக்கொள்ளவில்லை, படுத்தால் சரியாகிவிடும்’ என்று நஞ்சு நிறைந்த கூடாரத்துக்குள்ளேயே மறுபடி படுத்துவிடுகிறார்கள். ஒரே கூடாரத்தில் இருந்த பலருக்கு ஒரே நேரத்தில் தலை வலித்தால், அல்லது வெளிக்காற்றுக்கு வந்ததும் வலி குறைந்தால், முதலில் நஞ்சைச் சந்தேகியுங்கள். விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவு பார்க்கும் சிறு கருவி நல்ல எண்ணைக் காட்டினாலும் நம்ப வேண்டாம். அந்தக் கருவியால் கார்பன் மோனாக்சைடு ஒட்டிய ஹீமோகுளோபினை ஆக்சிஜன் ஒட்டியதிலிருந்து பிரித்தறிய முடியாது. எது காரணம் என்று விளங்காவிட்டாலும் செய்ய வேண்டியதில் குழப்பமில்லை: எல்லோரும் உடனே கூடாரத்தைவிட்டு வெளியே வர வேண்டும், மலையிலிருந்து கீழே இறங்க வேண்டும், 911ஐ அழைக்க வேண்டும். நடை தடுமாறினாலோ, பேச்சு குழறினாலோ, ஓய்வாக உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா அப்பாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கடலோரச் சென்னையில் வாழ்ந்தவர்களை டென்வரில் இறக்கி, மறுநாளே 10,000 அடி உயரத்துக்கு அழைத்துப் போய்த் தரையில் உறங்கவைப்பது பெரும் சுமை. இளைஞர்களுக்கே ஒரே நாளில் 9,000 அடிக்கு மேல் ஏறி உறங்க வேண்டாம் என்றுதான் அறிவுறுத்துகிறோம். இதயநோயோ நுரையீரல் நோயோ உள்ளவர்கள் என்றால், முதலில் அவர்களுடைய மருத்துவரிடம் கேளுங்கள். பின்பு டென்வரில் சில நாள்கள், 8,000 அடி அளவில் ஓர் இரவு என்று படிப்படியாக அழைத்துச் செல்லுங்கள். இன்சுலின் போட்டுக்கொள்பவர்களுக்கு இன்னும் ஒரு கவலை உண்டு. இன்சுலின் ஒருமுறை உறைந்துவிட்டால், உருகிய பின் பார்வைக்கு மாற்றம் தெரியாவிட்டாலும் அதன் வீரியத்தை நம்ப முடியாது. பகலில் வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டாலும் கெட்டுப்போகும். இரவில் அதை ஒரு பையில் இட்டு, உறங்குபைக்குள் உடலோடு சேர்த்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். சர்க்கரை பார்க்கும் கருவியும் கடுங்குளிரில் தவறான அளவைக் காட்டக்கூடும்.

அடுத்தது நெருப்பு. 2011 மே மாதம் அரிசோனாவில், உறவினர் இருவர் தாங்கள் மூட்டிய முகாம் நெருப்பு அணைந்துவிட்டது என்று எண்ணி நடைபயணம் கிளம்பினார்கள். அது ‘வாலோ’ காட்டுத்தீயாகப் பரவி, சுமார் 5,38,000 ஏக்கரை எரித்து, அந்த மாநிலத்தின் வரலாற்றிலேயே மிகப் பெரிய தீயானது. அதற்கு முந்தைய ஆண்டு ஜூன் மாதம் பிளாக்ஸ்டாஃப் நகருக்கு அருகே யாரோ அணைக்காமல் விட்டுப்போன முகாம் நெருப்பால் ஷுல்ட்ஸ் தீ மூண்டு 15,000 ஏக்கர் சாம்பலானது. எரிந்த சரிவுகளில் நீரைப் பிடித்துவைக்க எதுவும் எஞ்சாததால், ஜூலையில் பெய்த பருவமழை வெள்ளமாக இறங்கியது. அந்த வெள்ளத்தில் 12 வயதுச் சிறுமி ஒருத்தி உயிரிழந்தாள். தீயில் யாரும் சாகாவிட்டாலும், நெருப்பை மூட்டியவர்கள் ஊர் திரும்பி வாரங்கள் கழிந்த பின், அவர்கள் முகம்கூட அறியாத ஒரு குழந்தை அதற்கு விலை கொடுத்தது. இதை எழுதும்போது எனக்கு மனம் கனக்கிறது.

அதனால் என் பரிந்துரை எளிது. கட்டணமில்லாக் காட்டில் விறகு நெருப்பே வேண்டாம். மூடித் திறக்கும் திருகு உள்ள எரிவாயு அடுப்பில் சமையுங்கள். கோடையில் முதல் நிலைத் தீக்கட்டுப்பாடு வந்துவிட்டால், கட்டண முகாம்களில் நிலையாகப் பதித்த வளையங்களுக்கு வெளியே நெருப்பு மூட்டுவது சட்டப்படி குற்றம். இலவச முகாமில் அத்தகைய வளையமே இருக்காது. தடை இல்லாத காலத்தில் மூட்டியே ஆக வேண்டும் என்றால், உறங்கப் போவதற்கு முன் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றுங்கள், சாம்பலைக் கிளறுங்கள், மீண்டும் ஊற்றுங்கள். புறங்கையை அருகே கொண்டுபோய்ப் பார்த்து, சூடே தெரியாதபோதுதான் நெருப்பு அணைந்ததாகப் பொருள். மண்ணை அள்ளிப் போட்டு மூடினால் கனல் உள்ளேயே உயிரோடு இருக்கும்.

கூடாரத்துக்கு இடம் தேடும்போது மேலேயும் பாருங்கள். கொலராடோவின் லாட்ஜ்போல் பைன் காடுகளில் வண்டுகளால் பட்டுப்போன மரங்கள் இலட்சக்கணக்கான ஏக்கரில் நிற்கின்றன. காற்றே இல்லாத இரவிலும் அவை சாயும். ஓடைக் கரையின் சமதளம் கண்ணைக் கவரும், ஆனால் மழை நம் தலைக்கு மேல்தான் பெய்ய வேண்டும் என்பதில்லை. 1976 ஜூலை 31 அன்று இதே மாநிலத்தின் பிக் தாம்சன் பள்ளத்தாக்கில், மேற்பகுதியில் கொட்டிய மழை கீழே வெள்ளமாக வந்து 140க்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனது. மின்னலுக்குக் கூடாரம் எந்தப் பாதுகாப்பும் தராது. இடி கேட்டால் காருக்குள் போய்விடுங்கள்.

தண்ணீரும் கழிவும் ஒரே விஷயத்தின் இரு முனைகள். தெளிந்து ஓடும் மலை நீரில் ஜியார்டியா என்னும் ஒட்டுண்ணி இருக்கலாம். அதைக் குடித்தவருக்கு அன்றே ஒன்றும் ஆகாது. ஒன்று இரண்டு வாரங்கள் கழித்து வயிற்றுப்போக்கும் வயிற்றுப்பொருமலும் தொடங்கி, வாரக்கணக்கில் வாட்டும். அப்போது மருத்துவரிடம் போனால், காட்டில் தங்கியதை மறவாமல் சொல்லுங்கள். சொன்னால்தான் சரியான பரிசோதனை நடக்கும். நீரைக் கொதிக்கவைப்பதே உறுதியான வழி: கொதிநிலையில் ஒரு நிமிடம், 6,500 அடிக்கு மேல் மூன்று நிமிடம். குளோரின் மாத்திரையை மட்டும் நம்ப வேண்டாம், கிரிப்டோஸ்போரிடியம் என்னும் மற்றொரு ஒட்டுண்ணி அதற்குச் சாகாது. ஆளுக்கு நாளொன்றுக்கு நான்கு லிட்டராவது வீட்டிலிருந்தே ஏற்றிச் செல்வது எல்லாவற்றிலும் எளிது.

இந்த ஒட்டுண்ணிகள் ஓடைக்குள் வருவதற்குக் காட்டு விலங்குகளோடு மனிதரும் காரணம். மலம் கழிக்கும் இடம் ஓடை, பாதை, கூடாரம் மூன்றிலிருந்தும் 200 அடி, அதாவது எழுபது எட்டு தள்ளி இருக்க வேண்டும். ஆறு முதல் எட்டு அங்குல ஆழத்துக்குக் குழி தோண்டி, பின்பு மண்ணால் மூட வேண்டும். தோட்டவேலைக்குப் பயன்படும் சிறு மண்கரண்டி ஒன்று இருந்தால் போதும். தண்ணீரால் கழுவிக்கொள்ளும் நம் வழக்கம் இங்கே உண்மையிலேயே நல்லது, ஏனெனில் காகிதம் மிஞ்சாது. ஆனால் தண்ணீரை முகந்துகொண்டு குழிக்கு வர வேண்டுமே தவிர, ஓடைக்கு இறங்கிப் போகக் கூடாது. குழந்தைகளின் டயப்பரை எந்நிலையிலும் புதைக்காதீர்கள், காருக்குத் திரும்பக் கொண்டுவாருங்கள். பிரியாணிப் பாத்திரத்தை ஓடையில் கழுவுவதும் அதே தவறுதான், மட்கும் சோப்பு என்று உறையில் எழுதியிருந்தாலும். மீந்த சோற்றையும் எலும்பையும் புதைத்தால் கருங்கரடி தோண்டி எடுக்கும். மனித உணவுக்குப் பழகிய கரடியைக் கடைசியில் சுட்டுக் கொல்ல வேண்டி வருகிறது. மசாலா மணக்கும் பாத்திரங்களையும் பற்பசையையும் கண்ணாடிகளை முழுக்க ஏற்றிப் பூட்டிய காருக்குள் வைத்து, கூடாரத்தில் எதையும் வைக்காமல் உறங்குங்கள். பூட்டாத கார்க் கதவைத் திறக்கக் கொலராடோ கரடிகள் கற்றுக்கொண்டுவிட்டன.

கைபேசி சிக்னல் இருக்காது என்றே திட்டமிடுங்கள். ஐபோன் 14 முதலான மாடல்களில் செயற்கைக்கோள் வழியாக உதவி கேட்கும் வசதி இருக்கிறது, வானம் திறந்திருக்கும் வெளியில் நின்றால் அது வேலை செய்யும். கிளம்புவதற்கு முன்பே அதன் செயல்விளக்கத்தை ஒருமுறை இயக்கிப் பழகிக்கொள்ளுங்கள். ஊரில் இருக்கும் ஒருவரிடம் எந்தச் சாலை, எந்த டிரெயில்ஹெட், காரின் நிறமும் எண்ணும், எத்தனை பேர், யாருக்கு என்ன மருந்து, எந்த நேரத்துக்குள் தகவல் வராவிட்டால் ஷெரிஃப் அலுவலகத்தை அழைக்க வேண்டும் என்பதை எழுதியே கொடுங்கள். அழைத்தால் பெரும் தொகை கேட்பார்களோ என்று அஞ்சி, விடியும்வரை காத்திருந்துவிட்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கொலராடோவில் தேடல் மீட்புக் குழுக்களில் பெரும்பாலோர் தன்னார்வலர்கள், மீட்புக்காக அவர்கள் கட்டணம் வாங்குவதில்லை. ஆம்புலன்சுக்கும் மருத்துவ ஹெலிகாப்டருக்கும் தனியே கட்டணம் வரும் என்பது உண்மைதான். வந்திருக்கும் பெற்றோருக்கு எடுத்த பயணக் காப்பீடு அதை ஏற்குமா, உயரத்தால் வரும் நோயை விலக்கியிருக்கிறதா என்பதைக் கிளம்புவதற்கு முன் காப்பீட்டு நிறுவனத்திடம் கேட்டு எழுத்தில் வாங்கிவைத்துக்கொள்ளுங்கள்.