நாற்காலியைக் கொடுத்துவிட்டுத் திருத்துவது

சென்ற சனிக்கிழமை சிங்கப்பூரில் ஒரு சமூக மன்றத்தில் ஊடக விழிப்புணர்வுப் பயிலரங்கு. தேநீர் இடைவேளையில் ஒரு தம்பி வந்து கைப்பேசியை நீட்டினார். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டில் குடியேறிகள் நாய்களைத் தின்கிறார்கள் என்று டோனல்ட் டிரம்ப் சொல்லும் சில வினாடித் துண்டு. “குடும்பக் குழுவுல வந்துச்சு சார். அப்பா நம்பிட்டார்.” அவருடைய அப்பா 90களில் வேலை அனுமதிச்சீட்டோடு மன்னார்குடியிலிருந்து வந்து, கப்பல் பட்டறையில் உழைத்தவர். அவரும் ஒரு குடியேறிதான்.

இப்படித் துண்டுகளோடு என்னிடம் வந்தவர்களை எண்ணுவதையே விட்டுவிட்டேன். குடியேறிகளையும் சிறுபான்மையினரையும் பழிக்கும் தீவிர வலதுசாரிகளை நேரலை விவாதத்தில் உட்காரவைத்துவிட்டு அங்கேயே திருத்திக்கொள்ளலாம் என்பது நடக்காது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

2024 செப்டம்பர் 10 அன்று நடந்த அமெரிக்க அதிபர் தேர்தல் விவாதத்தில் டிரம்ப் அதைச் சொன்னதுமே நெறியாளர் டேவிட் மியூர் மறுத்தார். “நகர நிர்வாகியிடம் கேட்டோம், நம்பத்தகுந்த புகார் எதுவும் இல்லை என்றார்” என்று சொன்னார். அன்று பார்த்தவர்கள் சுமார் 67 மில்லியன் பேர். அடுத்த சில நாள்களில் அந்த ஊருக்கு வெடிகுண்டு மிரட்டல்கள் வந்து, பள்ளிப் பிள்ளைகளை வெளியேற்ற வேண்டியதாயிற்று. விவாதத்துக்கு முன்பே தீவிர வலதுசாரிகள் பரப்பிவந்த புரளிதான் அது. தம்பி காட்டிய துண்டில் மியூரின் மறுப்பு இல்லை, வெட்டியிருந்தார்கள்.

“பேச விட்டாத்தானே சார் அவங்க வண்டவாளம் வெளியே வரும்?” என்று கேட்டார். படித்தவர்களும் இதையே கேட்கிறார்கள். 18 ஆண்டுகள் நடப்பு விவகார நிகழ்ச்சிகள் தயாரித்தவன் சொல்கிறேன், தொலைக்காட்சி விவாதம் அப்படி நடப்பதில்லை. ஒரு பொய்யைச் சொல்ல நான்கு வினாடி போதும். யார் சொன்னது, எந்த ஆண்டுக் கணக்கு என்று விளக்கி மறுக்க நாற்பது வினாடி வேண்டும். முப்பதாவது வினாடியிலேயே கட்டுப்பாட்டு அறையிலிருந்து நெறியாளர் காதில் “முடிங்க, அடுத்த கேள்வி” என்பேன். எந்தத் தயாரிப்பாளரும் அதைத்தான் செய்வார்.

பிரிட்டனின் தீவிர வலதுசாரிக் கட்சித் தலைவராக இருந்த நிக் கிரிஃபினை உதாரணம் காட்டுவார்கள். 2009இல் பிபிசியின் ‘குவெஸ்டியன் டைம்’ நிகழ்ச்சியில் சுமார் 8 மில்லியன் பேர் முன்னால் தடுமாறினார். அடுத்த ஆண்டு அவர் கட்சிக்கு நாடாளுமன்றத்தில் ஓர் இடமும் கிடைக்கவில்லை. சரி. பிரான்சையும் பாருங்கள். 1984 பிப்ரவரியில் அங்குள்ள தீவிர வலதுசாரித் தலைவர் ஜான் மரி லெ பென் முக்கியமான அரசியல் நேர்காணல் நிகழ்ச்சியில் முதன்முறையாக உட்கார்ந்தார். ஜூனில் நடந்த ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் அவர் கட்சி சுமார் 11 விழுக்காடு வாங்கியது. அதற்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் பெருந்தலைவர்கள் உட்காரும் நாற்காலியில் அவரும் உட்கார்ந்ததை நாடே பார்த்தது. பேச்சில் வென்றாரா தோற்றாரா என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான். 2002 அதிபர் தேர்தலில் அப்போதைய அதிபர் ஜாக் சிராக் அவரோடு விவாதிக்கவே மறுத்தார்.

பெல்ஜியத்தின் பிரெஞ்சுமொழிப் பொது ஒளிபரப்பு நிறுவனம் தீவிர வலதுசாரிகளுக்கு நேரலை தருவதில்லை. அவர்களைப் பற்றிய செய்தி வரும். அவர்கள் சொன்னதும் பின்னணி விளக்கத்தோடு வரும். 2025இல் டிரம்ப்பின் பதவியேற்பு உரையைக்கூடச் சற்றுத் தாமதித்துத்தான் ஒளிபரப்பினார்கள். இதைத் தணிக்கை என்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: பேசும் உரிமை எல்லாருக்கும் உண்டு, நேரலை உரிமை என்று ஒன்று யாருக்கும் கிடையாது.

ஆனால் 2024இல் ஜெர்மனியின் துரிங்கியா மாநிலத் தேர்தலில் ஏஎஃப்டி என்ற தீவிர வலதுசாரிக் கட்சி 32.8 விழுக்காடு வாங்கி முதலிடம் பிடித்தது. அந்த அளவுக்கு வளர்ந்த கட்சியை ஒதுக்கிவைக்க முடியாது. அப்போதும் விவாத மேடை வேண்டாம். தனி நேர்காணல் வையுங்கள், பதிவு செய்யுங்கள், தரவைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள். “நீ இந்த நாட்டுக்காரனா” என்ற கேள்விக்குப் பதில் சொல்லவென்று ஒரு சிறுபான்மையினரைக் கூப்பிட்டு எதிரே உட்காரவைக்காதீர்கள். அது சமநிலை அல்ல, கொடுமை.

இங்கே சிங்கப்பூரில் அரசியல் கட்சிகளின் தேர்தல் ஒளிபரப்புகள் முன்கூட்டியே பதிவு செய்யப்படுபவை. 1964 இனக் கலவரங்களைப் பார்த்த ஊர் என்பதால் இனப் பகையைத் தூண்டிப் பேசினால் சட்டம் பாயும். அதனால் இது வெள்ளைக்காரன் பிரச்சினை என்று இருந்துவிடுகிறோம். அந்தத் துண்டோ மன்னார்குடிக்காரர் கைப்பேசிக்கு வந்துவிட்டது.

தயவுசெய்து, விவாதத் துண்டு வந்தால் முழு நிகழ்ச்சியைத் தேடுங்கள். நெறியாளர் அடுத்து என்ன சொன்னார் என்று பாருங்கள். “எவ்வளவு கேவலமா பேசுறான் பாருங்க” என்று எழுதிக்கூட அனுப்பாதீர்கள். நீங்கள் எழுதிய வரி அடுத்த குழுவுக்குப் போகாது, காணொளி மட்டும்தான் போகும்.